உட்கார்ந்து ஒரு இசிஜி, படுத்து ஒரு இசிஜி

போன வாரம் இரவு பத்து மணிக்கு என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். வேலையில் சேர மகனுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கிறது. கூட்டம் அதிகம் என்று பையனை நாற்காலியில் உட்கார வைத்தே இசிஜி எடுத்து, "ஆக்சிஸ் மாறியிருக்கிறது" என்று எழுதிவிட்டார்கள். 22 வயது, தினமும் கிரிக்கெட் ஆடுகிற பையன். அன்று வீட்டில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் இதய மருத்துவர் நன்றாகப் பரிசோதித்து, படுக்க வைத்து மறுபடி எடுத்தார். ஒரு குறையும் இல்லை என்றார். "ஒரே இதயம்தானே சார், எப்படி மாறும்?" என்பது மாணவரின் கேள்வி. அறிவியல் வாத்தியாரிடம் கேட்டால் விடுவேனா?

1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்சாரத்தை உடம்பின் மேலிருந்தே முதன்முதலில் பதிவு செய்தார். தன் நாய் ஜிம்மியை உப்புத் தண்ணீரில் கால் வைத்து நிற்கச் செய்தும் காட்டினார். ஆனால் அவருடைய பாதரசக் கருவி மந்தமானது. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஹாலந்தின் லெய்டன் நகரில் இருந்த வில்லெம் ஐந்தோவன். பிறந்தது ஜாவா தீவில். காந்தத்துக்கு நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் கட்டினார். இதயம் துடித்தால் இழை அசையும், அதன் நிழல் படமாகும். உருக்கிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து இழை எடுத்த காலம் அது! கருவியின் எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர். அதை எங்கே தூக்கிப் போவது? 1905இல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக நோயாளியின் துடிப்பை வரவழைத்தார்.

அந்தக் காலப் படங்களைப் பாருங்கள். இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நம் பையனைப் போலவேதான்.

ஐந்தோவன் அதோடு நிற்கவில்லை. 1913இல் ஃபார், டி வார்ட் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், அந்த இரு கைகளையும் காலையும் ஒரு முக்கோணத்தின் மூலைகளாக வைத்து மின்சாரம் பாயும் திசையைக் கணக்கிட்டார். நெஞ்சுக்குள் இதயம் இருக்கும் நிலை மாறினால் கோட்டின் வடிவமும் மாறும் என்பது அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

காரணம் எளிது. இதயம் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. படுத்தால் உதரவிதானம் மேலே ஏறும், இதயம் சற்றுக் கிடையாகச் சாயும். எழுந்தால் அது கீழே இறங்கும், இதயம் செங்குத்தாகும். கோடு வரையும் கம்பிகளோ தோலில் ஒட்டிய இடத்திலேயே இருக்கின்றன. தவிர, நிற்கும்போது ரத்தம் கால்பக்கம் இறங்குவதால் துடிப்பும் கூடும். நல்ல ஆரோக்கியமான இளைஞர் சிலருக்கு டி அலைகூடத் தட்டையாகும். அதனால்தான் இன்று படுக்க வைத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்து எடுக்கிறார்கள். வேறு நிலையில் எடுத்தால் அதைத் தாளில் குறிக்க வேண்டும். அந்த ஒரு வரியை எழுதாததால்தான் ஒரு குடும்பத்துக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போயிற்று.

"இதை அப்பவே வகுப்பில் சொல்லியிருக்கலாமே சார்" என்றார். சிலபஸில் இல்லையப்பா! பையன் திங்கட்கிழமை வேலையில் சேர்கிறான். இரண்டு தாள்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.