பழவேற்காட்டுக்கு ஒரு நாள்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தோல் கண்காட்சிக்காக ஷாங்காய் போயிருந்தார். ஒரு நாள் மிச்சம் பிடித்து, அருகிலுள்ள ஜூஜியாஜியாவ் என்ற பழைய கால்வாய் ஊரையும் பார்த்துவிட்டு வந்தார். 1571ல் முதலில் கட்டிய ஐந்து வளைவுக் கல்பாலம், நீரோரம் ஓட்டு வீடுகள், துடுப்புப் படகு என்று போனில் நூறு படங்கள். "நம்ம பக்கம் இப்படி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்.

இருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டாம். காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் போதும்.

அந்த ஊர் பழவேற்காடு. ஆம்பூரிலோ காட்பாடியிலோ ஏறினால் காலையிலேயே சென்ட்ரல். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் சுமார் 18 கிலோமீட்டர்.

ஆனால் பயணம் பேசின் பிரிட்ஜிலேயே தொடங்கிவிடுகிறது. சென்ட்ரலுக்குள் நுழையும் முன் நம் வண்டியை அங்கே நிறுத்தி வைப்பார்களே, எத்தனை முறை சலித்துக்கொண்டிருப்போம்! அந்தப் 'பேசின்' கால்வாய்ப் படகுகள் வந்து நின்ற நீர்த்துறை. நெல்லூர்ப் பக்கத்துச் சவுக்கு விறகு, எண்ணூர் உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் படகிலேறி வந்தன. பக்கத்திலுள்ள சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயரும் அந்த உப்பை வைத்து வந்ததுதான்.

1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தோண்டத் தொடங்கினார்கள். அப்போது அதற்கு காக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டு, அதையும் தாண்டி ஆந்திரத்துக்குள் போனது. தெற்கே மரக்காணம் வரை, மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் மட்டும் பாக்கி இருந்தது. அதைத் தோண்டியது 1877-78ல். அதாவது தாது வருஷப் பஞ்சத்தில்.

தாது வருஷம் என்றால் நம் பாட்டிமார்களுக்கு உடம்பு நடுங்கும். அவர்கள் பார்த்ததில்லை, அவர்களுடைய பாட்டிமார் சொல்லிக் கேட்டது. வட ஆற்காடு அந்தப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் சென்னைக்கு நடந்தே போனார்கள். நிவாரணம் என்பது மண் வெட்டும் வேலைதான். கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பச் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட முடியாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது. வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள்.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்த அந்த ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி கூடியது. டேனரிப் பெருமை பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை.

பழவேற்காட்டில் இறங்கியதும் முதலில் டச்சுக் கல்லறைகள். தொல்லியல் துறை வேலி போட்டு நன்றாகவே வைத்திருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கும், பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு கல்லிலும் பெயர், பதவி, குடும்பச் சின்னம் எல்லாம் நேற்று வெட்டியதுபோல் இருக்கின்றன.

இவர்களை உள்ளே விட்டது யார் தெரியுமா? நம் வேலூர் ராஜாதான். லிங்கம நாயக்கரிடமிருந்து வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொண்ட விஜயநகரத்து இரண்டாம் வெங்கடபதி ராயர், 1610ல் டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய உரிமை கொடுத்தார். 1613ல் அவர்களுக்கு அங்கே ஒரு கோட்டை எழுந்துவிட்டது. தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்ச்செம் தன் சொந்த மாகாணத்தின் நினைவாக அதற்கு கெல்டிரியா என்று பெயர் வைத்தார். 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுதான். இப்போது மண்மேடும் முட்செடியும் மட்டுமே. அகழியும் மதிலும் குறையாமல் நிற்கும் வேலூர்க் கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனாலும் போய் நில்லுங்கள்.

டச்சுக்காரர்கள் வந்தது துணிக்காக. கிழக்குத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிக்கு மதிப்பு அதிகம். பழவேற்காடு என்று சொல்ல வராமல் பாலியகாட்டா என்று எழுதினார்கள். கட்டம் போட்ட துணிக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பாளையக்காட் லுங்கி என்று கேட்டு வாங்கி இடுப்பில் கட்டுகிறோமே, அது இந்த ஊர்தான். குடியாத்தத்துத் தறிகளில் இன்றும் அந்தக் கட்டம் ஓடுகிறது.

துணி மட்டும் போகவில்லை. 1600களில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கி, இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றியது. அதுதான் இன்றைய ஜகார்த்தா. பழவேற்காடு அந்த வியாபாரத்தின் முக்கியமான துறை. அவர்களுக்குக் கல் ஏதும் கிடையாது. செதுக்கு வேலையை ரசித்து முடித்ததும் ஐந்து நிமிஷம் ஏரிப்பக்கம் திரும்பி நின்று இதை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்த நாளுக்கும் தாது வருஷத்துக்கும் இடையே இருநூறு ஆண்டுக்கு மேல். பசித்தவனைக் கணக்கெழுதியவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

ஏரியைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், பூநாரைகள் வரும். சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்புநீர் ஏரி இது. படகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். படகுக்காரர் கூப்பிட்டாலும் உயிர்காப்பு ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், கரையிலிருந்தே பறவை தெரியும்.

நம் வயசுக்காரர்கள் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும், கல்லறைப் பக்கம் நிழல் குறைவு. வீட்டுக்கு ஏதாவது வாங்க நினைத்தால் உள்ளூர்ப் பெண்கள் பின்னும் பனை ஓலைக் கூடைகள் இருக்கின்றன. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிட்டால் மாலை ஏலகிரியைப் பிடித்துவிடலாம். லுங்கியைக் குடியாத்தத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.