‘ஆசியா’ என்னும் சிறுகோள்: ஒரு பெயரின் சமூக வரலாறு

பெயரிடும் உரிமை எவரிடத்து இருந்தது என்பதை நோக்குமிடத்து, ஒரு காலத்தின் சமூக உறவுகள் பெயர்களிலே பதிந்திருத்தலைக் காணலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வலயத்திலே, ஏறத்தாழ 3.8 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றிவரும் 67ஆம் இலக்கச் சிறுகோள் இதற்குத் தக்க சான்றாகும். அதன் பெயர் ‘ஆசியா’.

1861 ஏப்ரில் 17ஆம் நாள், சென்னை வானாய்வு நிலையத்திலே நோர்மன் ரொபேட் பொக்சன் இதனைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர் அரசாங்க வானியலாளராக அங்கு வந்திருந்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதலாவது சிறுகோள் ஆதலின் இப்பெயர் பெற்றது. சிறுகோள்களுக்குக் கிரேக்க, உரோமப் பழங்கதைப் பெண்களின் பெயர்களைச் சூட்டுதல் அக்கால வழக்கு. கிரேக்கப் புராணத்திலே ஆசியா என்றொரு நீர்த்தேவதையும் உண்டு. எனவே, கண்டத்தின் பெயரை இட்டபொழுதும் ஐரோப்பிய மரபு பிறழவில்லை.

இப்பெயரின் பின்புலத்தை விளங்கிக்கொள்வதற்கு அந்நிலையத்தின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். கடற்பயணத்துக்கும் நிலப்படவாக்கத்துக்கும் வானியல் இன்றியமையாததாயிருந்தமையால், கிழக்கிந்தியக் கும்பனி 1792இல் நுங்கம்பாக்கத்திலே அதற்குக் கட்டடம் அமைத்தது. கருவியைத் தாங்கிய கருங்கற்றூணிலே இலத்தீனோடு தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டன. பிரித்தானியரின் வள்ளன்மையால் ஆசியாவிலே கணித விஞ்ஞானம் முதன்முதலாக நாட்டப்பட்டது என்பதே அச்சாசனத்தின் பொருள். ஆரியபட்டரும் பாஸ்கரரும் உலுக் பேக்கும் வாழ்ந்த கண்டத்தைப் பற்றியே இவ்வாறு கூறப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. ‘முதன்முதல்’ என்னும் உரிமைகோரல் கல்லிலும், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின்பின் வானிலும் எழுதப்பட்டது எனலாம்.

பொக்சனின் சாதனையைக் குறைத்துக் கூறுவது எமது நோக்கமன்று. சிறுகோள் தேடலுக்கு ஒளிப்படம் பயன்படத் தொடங்கிய 1891க்கு முன்னர், விண்மீன் வரைபடத்தைத் தொலைகாட்டியிற் காண்பதோடு ஒப்பிட்டு, இடம்பெயரும் ஒளிப்புள்ளியைக் கண்ணாலேயே இனங்காண வேண்டியிருந்தது. எனினும் அந்நிலையத்தின் அன்றாட அவதானிப்புப் பணி சுதேச உதவியாளரின் உழைப்பிலும் தங்கியிருந்தது. அவருள் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867இல் ஒளிமாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்த பெருமை அவருக்குரியது. 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874இல் நிகழ்ந்த வெள்ளியின் ஞாயிற்றுக் கடப்பை மக்களுக்கு விளக்க அவர் எழுதிய நூல் இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. அவதானிப்புக்கு இயைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தத்துக்கும் அவர் உழைத்தார்.

இங்குதான் குடியேற்றவாத விஞ்ஞானத்தின் உள்முரண்பாடு புலப்படுகின்றது. ஆட்சியின் தேவைக்காக அமைந்த நிலையமே, ஆளப்பட்டோர் தம் மரபைத் தாமே மீள்பரிசீலனை செய்வதற்கான கருவியையும் அளித்தது. ‘ஆசியா’ என்ற பெயரை இட்டவர்கள் அக்கண்டத்தை அறிவைப் பெற்றுக்கொள்ளும் இடமாகவே கருதினர். அறிவை ஆக்குவோராகவும் பரப்புவோராகவும் அதன் மக்கள் செயற்பட்டதை ரகுநாதாசாரியின் வாழ்வு காட்டுகின்றது. விஞ்ஞான வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும் என்பதே எமது துணிபு.