நூறு கெஜமும் ஓர் உரிமமும்: பள்ளிகளுக்கு அருகே புகையிலை விற்பனைத் தடை

கோட்பா என்று சுருக்கமாக வழங்கும் 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தன் 6ஆம் பிரிவில் இரண்டு தடைகளை அடுத்தடுத்து வைக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது என்பது ஒன்று. கல்வி நிறுவனத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் எவருக்குமே விற்கக் கூடாது என்பது மற்றொன்று. முன்னது வாங்குபவரின் வயதைக் கேட்கிறது. பின்னது கடை நிற்கும் மண்ணைக் கேட்கிறது. எந்த நிலத்தில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று வரையறுப்பது நகரமைப்பின் வேலை. அந்த வேலையைக் குற்றவியல் பிரிவு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்குத் தேவையான கருவியை மட்டும் சட்டம் தரவில்லை. புகையிலை விற்பவருக்குத் தனி உரிமம் வேண்டும் என்ற விதி இல்லாதவரை, நூறு கெஜத் தடை பள்ளிச் சுவரில் மாட்டிய பலகையைத் தாண்டாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தடையின் தேவையைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டியதில்லை. 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்று, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவதாகக் கண்டது. அவர்களுள் சிகரெட் புகைப்போரில் 69 விழுக்காட்டினரும், பீடி புகைப்போரில் 78 விழுக்காட்டினரும் கடையிலோ தெருவோர வியாபாரியிடமோதான் அதை வாங்கியிருந்தனர். பிள்ளைக்கும் புகையிலைக்கும் நடுவே நிற்பது பெட்டிக்கடையின் சிறு பலகைத் தட்டுதான். அங்கே பாக்கெட்டைப் பிரித்து ஒற்றைச் சிகரெட்டாக விற்கும் பழக்கம் இருப்பதால், விலையும் தடையாக நிற்பதில்லை. பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பை மூடியிருக்கும் எச்சரிக்கைப் படமும் அந்தப் பிள்ளையின் கையை எட்டுவதில்லை.

தூரத்தை எப்படி அளப்பது? 2004ஆம் ஆண்டின் விதிகள், பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி விளிம்பிலிருந்து ஆரமாக அளக்கச் சொல்கின்றன. நூறு கெஜம் என்பது 91.44 மீட்டர். பக்கத்துக்கு நூறு மீட்டர் கொண்ட சதுர வளாகம் ஒன்றைக் கற்பனை செய்தால், சுவருக்கு வெளியே ஏறத்தாழ 63,000 சதுர மீட்டர், அதாவது பதினைந்தரை ஏக்கர், தடைப் பரப்பாகிறது. பள்ளிகள் நெருங்கி நிற்கும் ஒரு நகரப் பகுதியில் இத்தகைய பரப்புகள் ஒன்றோடொன்று உரசி முழுத் தெருக்களையே விழுங்கிவிடும். காகிதத்தில் இது கடுமையான விதி. ஆனால் அந்தப் பதினைந்தரை ஏக்கருக்குள் புகையிலை விற்கும் கடைகள் எத்தனை என்று சொல்லக்கூடிய பதிவேடு தமிழ்நாட்டின் எந்த அலுவலகத்திலும் இல்லை. எண்ணப்படாத கடையை அப்புறப்படுத்த எவராலும் இயலாது.

இதே மாநிலத்தில் மதுவுக்கு நடப்பதை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், பிற பகுதிகளில் 100 மீட்டர் என்று கல்வி நிறுவனங்களிலிருந்தும் வழிபாட்டிடங்களிலிருந்தும் இடைவெளி கேட்கின்றன. வணிகப் பகுதி என்று வரையறுக்கப்பட்ட இடங்களுக்கு விலக்கும் அளிக்கின்றன. அந்த விலக்கை நான் ஏற்கவில்லை. வணிகத் தெருவில் படிக்கும் பிள்ளையும் பிள்ளைதான். ஆயினும் புகையிலைத் தடையைவிடக் குறைந்த தூரம் கேட்கும் இந்த விதியின்மேல்தான் மக்கள் மனு கொடுக்கிறார்கள், நீதிமன்றம் போகிறார்கள், கடை இடம் மாறுகிறது. 2023 ஜூனில் அரசு மதுபான நிறுவனமான டாஸ்மாக்கின் 500 கடைகள் மூடப்பட்டபோது பள்ளி, கோயில் அண்மையும் ஓர் அளவுகோலாக இருந்தது. காரணம் எளிது. டாஸ்மாக் கடைக்கு எண் உண்டு, முகவரி உண்டு, பொறுப்பாளர் உண்டு. அரசு நினைத்தால் மூடலாம்.

புகையிலைக்கான தண்டனை வரிசையில் நடுப்படி இல்லை. பள்ளிக்கு அருகே விற்றால் கோட்பாவின் 24ஆம் பிரிவின்படி அபராதம் 200 ரூபாய் வரை. அதையும் அந்த இடத்திலேயே கட்டி முடித்துக்கொள்ளலாம். அதே கடைக்காரர் அதே சிகரெட்டை ஒரு சிறுவனின் கையில் கொடுத்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஒன்று கடைக்காரரின் அன்றாடச் செலவில் கரைந்துபோகும் தொகை. மற்றொன்றை ஒரு பெட்டிக்கடைக்காரர்மேல் போட எந்த அதிகாரிக்கும் மனம் வராது. வியாபாரியின் நடத்தையை மாற்றக்கூடியது, விற்கும் உரிமையைச் சில வாரங்களோ மாதங்களோ நிறுத்திவைக்கும் தண்டனை. குட்காவுக்கு இது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை குட்கா விற்ற கடைக்கு முதல் முறையே 25,000 ரூபாய் அபராதம் விதித்து, 15 நாள் சீலும் வைக்கிறது. உணவு விற்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதியே அந்த அதிகாரத்தின் வேர். சிகரெட்டும் பீடியும் உணவல்ல என்பதால் அவற்றின்மேல் அந்தக் கை நீளாது.

உரிமத்தோடு இணைந்த தூரத் தடை என்ன செய்யும் என்பதை அமெரிக்க நகரங்கள் இரண்டு காட்டுகின்றன. சான் பிரான்சிஸ்கோ 2014இல் ஒவ்வொரு மேற்பார்வையாளர் தொகுதிக்கும் 45 புகையிலை உரிமங்கள் என்று உச்ச வரம்பு வைத்து, பள்ளிக்கு 500 அடிக்குள் புதிய உரிமம் இல்லை என்றது. பிலடெல்பியாவின் சுகாதார வாரியம் 2016இல் அதே 500 அடியை ஏற்று, ஆயிரம் பேருக்கு ஓர் உரிமம் என்ற வரம்பையும் சேர்த்து, ஆண்டுக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தியது. அடுத்த மூன்றாண்டுகளில் அந்நகரின் புகையிலைக் கடைகளின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஏற்கெனவே இருந்த கடைகளை இரு நகரங்களுமே அப்படியே விட்டுவைத்ததால், பள்ளி வாசல்கள் உடனே வெறுமையாகிவிடவில்லை. எனக்கு இது குறையாகவே படுகிறது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை, பழைய உரிமக்காரர் ஓய்வு பெறும்வரை காத்திருக்க முடியாது.

தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் விடையாகாது. பள்ளி, விளையாட்டுத் திடல்களைச் சுற்றி 1,000 அடிக்குள் வெளிப்புறப் புகையிலை விளம்பரம் கூடாது என்ற மாசசூசெட்ஸ் மாநில விதியை 2001இல் லாரிலார்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. பாஸ்டன் உள்ளிட்ட மூன்று பெருநகரங்களின் பரப்பில் 87 முதல் 91 விழுக்காடு வரை அந்த வட்டங்களுக்குள் அடங்கிவிடும் என்ற கணக்கை நீதிமன்றம் சுட்டியது. அது பேச்சுரிமை வழக்கு. விற்பனைத் தடைக்கு அப்படியே பொருந்தாது. எனினும் வட்டம் பெரிதாகும்போது அது மொத்தத் தடைக்கு மாற்றுப் பெயராகிவிடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. இ-சிகரெட்டுக்கு நம் நாடாளுமன்றம் மொத்தத் தடையையே நேரடியாகத் தேர்ந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் தயாரிப்பு முதல் விளம்பரம் வரை அனைத்தையும் விலக்கியதால், இங்கே வேப் கடைக்குத் தூரம் அளக்கும் கேள்வியே எழவில்லை.

உரிமம் என்றதும் எழும் நியாயமான அச்சம், ஏழை வியாபாரிகளின் பிழைப்பு பற்றியது. பெட்டிக்கடை நடத்துவோரில் கணவரை இழந்த பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் உண்டு. உரிமம் அவர்களைச் சில்லறை லஞ்சத்துக்கு இரையாக்கும் என்றால், இன்றைய வரையறையற்ற சோதனைகள் அதைவிட மோசமாக இரையாக்குகின்றன. 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், உள்ளாட்சிகள் வழியே புகையிலை விற்பனையாளருக்கு உரிமம் தரவும், உரிமம் பெற்றவர் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட் விற்காதிருக்கவும் பரிந்துரைத்தது. அந்த இரண்டாம் பகுதிதான் கூர்மையானது: பிள்ளை மிட்டாய்க்கு நீட்டும் கையருகே பீடிக்கட்டு இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டே இமாச்சலப் பிரதேசம், ஒற்றைச் சிகரெட் விற்பனையைத் தடுத்து, புகையிலைச் சில்லறை வணிகத்தை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரிலும் நகர விற்பனைக் குழுவை வேண்டுகிறது; அதில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள். விற்பனை மண்டலங்களைத் திட்டமிடுவதில் அக்குழுவுக்குப் பங்கும் உண்டு. பள்ளிச் சுவரிலிருந்து நூறு கெஜத்தை வரைபடத்தில் வரைந்து, உள்ளே இருக்கும் கடைகளைப் பெயரோடு பதிவுசெய்வது முதல் வேலை. அக்கடைகளுக்குப் புகையிலை உரிமம் மறுக்கப்படும். பழம், தின்பண்டம், எழுதுபொருள் விற்கும் சான்றிதழ் மறுக்கப்படாது. கடை இருக்கும், தட்டில் இருக்கும் ஒரு சரக்கு மட்டும் போகும். அந்த இழப்பை ஈடுகட்ட முதல் ஆண்டுக்குச் சிறு மானியம் தேவைப்படும். அதைப் புகையிலை வரி வருவாயிலிருந்து எடுக்க மாநில நிதித் துறை முன்வர வேண்டும். வட்டத்துக்கு வெளியே உரிமம் பெறுவோரின் கட்டணமும் அதே கணக்கில் சேரலாம்.