நூற்றில் ஒரு மணி

இந்த அரிசி வயலில் விளையவில்லை, ஆலையில் பிறந்தது. நெல் அரைக்கும்போது ஒடிந்து விழும் குருணைதான் இதன் தாய். குருணையை மாவாக்கி, இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் தூளாகச் சேர்த்து, தண்ணீரும் நீராவியும் விட்டுப் பிசைந்து, முறுக்கு பிழிவதுபோல் எந்திரத்தில் அழுத்தித் தள்ளுகிறார்கள். அச்சின் வாயில் சுழலும் கத்தி அரிசி நீளத்துக்கு நறுக்கிவிடும். காய்ந்தபின் பார்த்தால் நிறத்தில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். இதில் ஒரு கிலோவை நூறு கிலோ சாதா அரிசியில் கலந்தால் செறிவூட்டப்பட்ட அரிசி தயார்.

உள்ளே இருக்கும் பி12 எந்தச் செடியும் தராதது. தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. ஃபோலிக் அமிலத்துக்கோ நம் நாட்டோடு பழைய உறவு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தபோதுதான் அப்படி ஒரு சத்து இருப்பதன் தடயமே கிடைத்தது.

ரேஷன் அரிசியில் இதைக் கலந்து கொடுக்கும் மத்திய அரசின் முன்னோடித் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்வான மாவட்டம் திருச்சி. 2020இன் பிற்பகுதியில் இங்கே விநியோகம் தொடங்கியது. கொள்ளிடத்துக்கு அக்கரையில் மண்ணச்சநல்லூர் பொன்னி. இக்கரை ரேஷன் கடையில் எந்திரம் பிழிந்த அரிசி!

மூட்டை வீட்டுக்கு வந்தபின்தான் சோதனை. அரிசியை முறத்தில் கொட்டினால் நிறம் மாறிய மணிதான் முதலில் கண்ணில் படும். களைந்தால் சில மணிகள் மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்ற வதந்தி வேறு. பழகிய விரல்கள் கல்லோடு கல்லாக அதையும் பொறுக்கி எறியும், இல்லையென்றால் கழுநீரோடு மாட்டுக்குப் போகும். இத்தனை தூரம் வந்த மணி வீட்டு வாசலில் தோற்கிறது. வீட்டில் அரிசி பொறுக்குவது பெரும்பாலும் பாட்டிதான். பி12 முதலில் குறைவதும் பெரும்பாலும் அவருக்குத்தான்.

காரணம் வயிறு. வயதானால் பலருக்கு வயிற்றில் அமிலம் குறைகிறது. பாலிலும் முட்டையிலும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலம் இருந்தால்தான் பிரியும். ஆலையில் சேர்த்த பி12க்கு அந்தத் தொல்லை இல்லை. 50 வயதைத் தாண்டியவர்கள் பி12ஐப் பெரும்பாலும் செறிவூட்டிய உணவிலோ மாத்திரையிலோ பெறுவது நல்லது என்று அமெரிக்க நிபுணர் குழு 1998இலேயே சொன்னது இதனால்தான். ஸ்ரீரங்கத்தின் வைணவ வீதிகளில் சாப்பாடு 'சைவம்' (தமிழின் குறும்பு!). அங்கே பி12க்குப் பாலையும் தயிரையும் விட்டால் வேறு வழியில்லை. சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறையும்.

அதற்காக இந்த மணியைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கலந்த அரிசி ஒரு கிலோவில் இருக்க வேண்டிய பி12, 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். நாளைக்கு முந்நூறு கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது சுமார் 0.3 மைக்ரோகிராம். உடம்புக்கு வேண்டியதோ இரண்டுக்குச் சற்று மேல். ஒரு டம்ளர் பாலிலேயே அரிசியில் உள்ளதைவிட அதிகம் இருக்கும். பாட்டி வேளைக்குச் சாப்பிடும் இரண்டு கைப்பிடிச் சோற்றில் எவ்வளவு சேரும்? ரத்தசோகையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது; முதியவர்களின் பி12க்காகப் போட்டதல்ல.

இருந்தாலும் முறத்தில் அந்த மணியைக் கண்டால் பொறுக்காமல் விடுங்கள். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் 'வயசாச்சு' என்று சொல்லிவிடாமல், ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.