மோட்டார் காயில் போன கதை: கோவையிலிருந்து பெரம்பலூர் வரை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் "மோட்டார் காயில் போச்சு"ன்னு ஒருத்தர் சொன்னால், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். போர்வெல்லிலிருந்து குழாயை உருவணும், மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போகணும். அதுவரை சின்ன வெங்காயம் காயும்.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் இந்தியாவிலேயே செய்த மோட்டாரைக் கொண்டு வந்தார்கள். இந்தக் கதையை எல்லாரும் சொல்றோம். செய்த மோட்டாரை எப்படிச் சோதித்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. என் ஆர்வம் அங்கேதான்.

மோட்டார் சோதனை உதிரிப் பாகத்திலேயே தொடங்குகிறது. நீர்மூழ்கி மோட்டாரின் காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால், பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைத் தண்ணீரில் ஊறவைத்து மின்னழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். காயில் கட்டியதும் மூன்று பேஸிலும் மின்தடை சமமா என்று அளப்பார்கள். பிறகு மெக்கர். அடுத்தது உயர் மின்னழுத்தச் சோதனை: மோட்டாரின் வோல்ட்டை இரட்டித்து 1000 கூட்டணும். 415 வோல்ட் மோட்டார் என்றால் 1830 வோல்ட், ஒரு நிமிடம் தாங்கணும்.

சூட்டை அளக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காயிலுக்குள் தெர்மாமீட்டர் வைக்க வேண்டியதில்லை. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். ஓடி முடித்ததும் மின்தடை 20 சதவீதம் கூடியிருந்தால், சூடு ஏறக்குறைய 50 டிகிரி ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இத்தனையும் தேறிய மோட்டார் வயலில் ஏன் எரியுது? ஒரு முக்கியக் காரணம் லோ வோல்டேஜ். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கப்படி குறையும். 415 வோல்ட் 15 சதவீதம் குறைந்து 353 ஆனாலே, விசை 72 சதவீதம்தான். ஐ.எஸ். 9283 தரநிலை அந்த அளவு இறக்கம் வரைக்கும் கணக்கில் எடுத்திருக்கிறது. அதற்கும் கீழே போனால் மோட்டார் திணறும், கரண்டை அதிகமாக இழுக்கும், காயில் சூடாகும்.

இன்னொன்று, ரீவைண்டிங் செய்த மோட்டாருக்கு ஆலைச் சோதனைகள் பெரும்பாலும் திரும்ப நடப்பதில்லை. காயில் மாறியதும் அது பாதி புது மோட்டார்தான். எனவே கடையில் இரண்டே கேள்வி கேளுங்க: மூன்று பேஸ் மின்தடையும் சமமா? தண்ணீரில் ஊறிய பிறகு மெக்கர் எவ்வளவு காட்டுது? பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்க. இறக்கிய மோட்டாரை மறுபடி மேலே ஏற்றும் செலவோடு பார்த்தால், இது பத்து நிமிட வேலைதான்.