மைக் வெப்ஸ்டர்: வெளியே தெரியாத காயம்

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் கமரா பந்தோடு ஓடுபவரின் பின்னால் போகும். நான் பார்ப்பது முன்னால் சுவராக நிற்கும் ஐவரை. பந்தெறிபவரை எதிரணி நெருங்காமல் உடம்பால் மறிப்பதே அவர்கள் வேலை. நடுவில் நிற்பவர் குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்த மறுகணமே எதிரே நிற்பவரோடு மோதவேண்டும்.

விஸ்கொன்சினில் பிறந்த மைக் வெப்ஸ்டர் அந்த இடத்தில் 17 பருவகாலங்கள் ஆடினார். 1974 இல் பிட்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸில் சேர்ந்து நான்கு சுப்பர் போல் வெற்றிகளில் பங்கெடுத்தார். கடைசி இரண்டு பருவகாலங்கள் கன்சாஸ் சிற்றியில்.

1997 இல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. அதே ஆண்டுகளில் அவருக்கு நினைவு தடுமாறியது, உறக்கமில்லை, சில இரவுகள் வாகனத்துக்குள்ளேயே கழிந்தன. வீரர்களின் ஓய்வூதிய சபை அவர் முற்றாக இயலாதவர் என்று ஏற்றது. ஆனால் அந்த இயலாமை ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளின் பின்னரே தொடங்கியது என்று சொல்லி, குறைந்த தரக் கொடுப்பனவையே வழங்கியது. காயத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத் திகதியில் பிடிப்பது அலுவலகங்களுக்குக் கைவந்த கலை.

2002 செப்டெம்பரில், 50 வயதில் இறந்தார். உடலைப் பரிசோதித்த நைஜீரியாவில் பிறந்த வைத்தியர் பெனட் ஒமாலுவுக்கு மூளை வெளிப்பார்வைக்கு வழமைபோலவே தெரிந்தது. மெல்லிய துண்டுகளாக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் டவ் புரதத்தின் படிவுகள் தெரிந்தன: தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய மூளைச்சிதைவு நோய். 2005 இல் அதை வெளியிட்டார். லீக்கின் வைத்தியக் குழுவினர் கட்டுரையை மீளப்பெறச் சொன்னார்கள், அவர் பெறவில்லை.

குடும்பத்தின் வழக்கில், வெப்ஸ்டருக்கு உரிய உயர்தரக் கொடுப்பனவை வழங்கவேண்டுமென்ற தீர்ப்பை 2006 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.