மூத்தம்மா கட்டி வைத்த கரண்டிகள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை வரலாற்றுக் கண்காட்சிக்கு வீட்டிலுள்ள பழைய சாமான்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். தரம் 10 பிள்ளை ஒருவர் இரண்டு சாமான் கொண்டுவந்தார். ஒன்று கண்ணாடி அலுமாரியில் பளபளத்துக்கொண்டிருந்த தேநீர்க் கேத்தல். மற்றது பழைய துணியில் சுற்றியிருந்த ஆறு கறுத்துப்போன கரண்டிகள். மலையகத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது விட்ட ஏலத்தில், மூத்தம்மாவின் வாப்பா இரண்டையும் எடுத்தாராம்.

"கேத்தல்தான் சேர் வெள்ளி, கரண்டி சும்மா" என்றார் பிள்ளை. கரண்டி பன்னிரண்டு இருந்ததாம். மூத்தம்மா மௌத்தான பிறகு, வீடு வீடாக வரும் பழைய சாமான் வியாபாரி ஒருவருக்கு ஆறைப் பித்தளை விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கேத்தலின் அடியில் தனித்தனிக் கட்டங்களுக்குள் ஈ, பி, என், எஸ் என்று நான்கு ஆங்கில எழுத்துகள். கரண்டியின் காம்பில் நடக்கும் சிங்கம், சிறுத்தையின் தலை, தேய்ந்துபோன ஓர் எழுத்து, ஒரு பெண்ணின் தலை, செய்தவரின் பெயரெழுத்துகள். அவ்வளவுதான், கதை தலைகீழாகிவிட்டது. கேத்தல் முலாம். கரண்டிதான் வெள்ளி.

இந்தச் சின்னங்களுக்குப் பின்னால் எழுநூறு வருட வரலாறு இருக்கிறது.

வெள்ளி தனியாக மிகவும் மென்மையான உலோகம். அதனால் செம்பு கலப்பார்கள். எவ்வளவு கலந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஏமாற்ற இதைவிட நல்ல இடம் கிடையாது. 1300இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஒரு சட்டம் போட்டார். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி இருக்க வேண்டும், சோதித்து சிறுத்தைத் தலை குத்திய பிறகுதான் விற்கலாம். 1363இல் செய்தவர் தன் அடையாளத்தையும் குத்த வேண்டும் என்றார்கள். 1478இலிருந்து லண்டன் பொற்கொல்லர் சங்க மண்டபத்துக்கே சாமானைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டியதாயிற்று. மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹோல்'. 'ஹோல்மார்க்' என்ற சொல் வந்த வழி இதுதான். நடக்கும் சிங்கம் 1544இல் சேர்ந்தது.

ஆண்டெழுத்தும் 1478இல்தான் வந்தது. வருடத்துக்கு ஓர் எழுத்து. லண்டனில் இருபது எழுத்து முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி தொடங்குவார்கள். எந்த ஊரில் சோதித்தது என்பதற்கும் சின்னம் உண்டு. 1773இல் சோதனைக்கூடம் கிடைத்த பேர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1975 வரை கிரீடம்.

அரசரின் தலை வரி கட்டியதற்கு அடையாளம். 1784இலிருந்து 1890 வரை மட்டுமே குத்தினார்கள். நம் பிள்ளையின் கரண்டியில் இருந்தது விக்டோரியா மகாராணியின் தலை. அவர் அரியணை ஏறியது 1837இல். ஆகவே ஆண்டெழுத்து தேய்ந்திருந்தாலும், கரண்டி 1837க்கும் 1890க்கும் இடைப்பட்டது என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

கேத்தலின் கதை என்ன? 1840இல் பேர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமிடலுக்குக் காப்புரிமை எடுத்தது. செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகத்துக்கு மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. அதைத்தான் அந்த நான்கு எழுத்துகளும் சொல்கின்றன. அது களவுச் சாமான் அல்ல, உண்மையைச் சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் கட்டத்துக்குள் குத்தியிருப்பதால், வாசிக்காதவருக்கு ஹோல்மார்க் போலவே தெரியும்.

அதற்காக, சிங்கத்தைக் கண்டவுடன் நம்பிவிடவும் வேண்டாம். முத்திரை ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்க வேண்டும்.

முதலாவது, சின்னங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஆண்டெழுத்து 1760ஐக் காட்டி, பக்கத்தில் வரித் தலை இருந்தால் எங்கோ பிழை. 925 என்ற இலக்கம் பிரிட்டிஷ் ஹோல்மார்க்கின் கட்டாயப் பகுதியானது 1999இல்தான். அந்த இலக்கத்தைக் காட்டி "இருநூறு வருடப் பழசு" என்று யாரும் சொன்னால் யோசியுங்கள்.

இரண்டாவது, ஒரே செட்டில் உள்ள கரண்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் குத்திய சின்னங்கள் ஒன்றில் கொஞ்சம் மேலே, ஒன்றில் கொஞ்சம் சரிவாக இருக்கும். ஆறிலும் அச்சொட்டாக ஒரே இடத்தில், விளிம்பு மழுங்கி, சிறு குழிகளோடு இருந்தால், ஒரு நல்ல கரண்டியை அச்செடுத்து வார்த்தது என்று சந்தேகப்படலாம்.

மூன்றாவது, முத்திரையைச் சுற்றி ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 1720இல் வெள்ளிச் சாமானுக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி வந்தபோது, சில கொல்லர்கள் சின்னச் சாமானுக்கு முத்திரை வாங்கி, அதை வெட்டியெடுத்துப் பெரிய சாமானில் பற்றவைத்தார்கள். பிந்திய காலத்துக் களவு வேலையிலும் இதே வித்தை உண்டு. முத்திரை மேல் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த கோடு தெரியும்.

முத்திரைக் களவுக்கு இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மரண தண்டனையே இருந்தது. வாங்குபவரால் சோதிக்க முடியாத ஒன்றுக்கு, விற்பவரின் வாய்ச்சொல் போதாது என்று அந்த நாடு விளங்கிக்கொண்டிருந்தது.

உறவுகளே, ஓர் அன்பான வேண்டுகோள். வீட்டில் பழைய வெள்ளி இருந்தால் சாம்பல், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளி கறுப்பது இயல்பு. தேயத் தேய முத்திரையும் போய்விடும். விற்பதற்கு முன் முத்திரையைப் படம் எடுத்து வையுங்கள். நம்பிக்கையான இரண்டு நகைக்கடைகளிலாவது காட்டுங்கள். ஸகாத் கணக்குப் பார்க்கும்போதும் எது வெள்ளி, எது முலாம் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

கடைசியாக ஒன்று. "மூத்தம்மா இந்தக் கரண்டிகளை ஒருநாளும் பாவிக்கவில்லையா?" என்று பிள்ளையிடம் கேட்டோம். "இல்லை சேர். இதில் சாப்பிடக் கூடாது என்று துணியில் கட்டி வைத்திருந்தார்" என்றார். வெள்ளிப் பாத்திரத்தில் சாப்பிடுவது நம் மார்க்கத்தில் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. அப்படியானால் அந்த மனுஷிக்கு அது வெள்ளி என்று தெரிந்திருக்கிறது. ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

முத்திரையை நூறு வருடம் கழித்தும் வாசிக்கலாம். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்க வேண்டும்.